மேட்டு நிலத்துக்கு ஒரு மெசின்

மூன்றாவது நாளாகவும் வரதராஜா அதே சரிவில்தான் நின்றான். கையில் நீண்ட பிடிபோட்ட கத்தி. முன்னால் நெஞ்சளவுக்குப் பிளாக்பெரி முட்பற்றை. வெட்டி, இழுத்து, குவித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு வீட்டு முற்றமளவு நிலம்தான் வெளித்திருந்தது. மீதி நாற்பது ஏக்கரும் மலையில் பச்சையாகக் கிடந்தது. கையுறையைக் கிழித்துக்கொண்டு முள் உள்ளங்கைவரை போயிருந்தது.

காணி சடகோபனுடையது. மல்கிரேவ் நகரில் பல் வைத்தியம் பார்க்கிறார். சென்னையிலிருந்து வந்து இருபது வருடம். வார இறுதியில் நாலு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று ட்ரூவின் என்ற ஊருக்குப் பக்கத்தில் வாங்கிய நிலம், இரண்டே மழைக்காலத்தில் அவர் கையை மீறிப் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை வந்தவர் பற்றைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது கையால ஆகுற வேலை இல்ல, வரதராஜா. சின்னதா ஒரு டிராக்டர் வாங்கிடலாம்னு பாக்குறேன். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் வந்து பாத்துச் சொல்லணும்."

"ஓம் டொக்டர், வாறன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அன்று முழுவதும் கத்தி கையில் பாரமே இல்லாமல் இருந்தது. ஊரில், பரந்தனில், பதினொரு வருடம் உழவு மெசின் ஓட்டியவன் அவன். படகில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கி, அகதி முகாமில் இருந்து, பிறகு கோழிப் பண்ணை, இறைச்சித் தொழிற்சாலை, தோட்ட வேலை என்று வருடங்கள் போய்விட்டன. ஒரு மெசினில் ஏறி உட்கார்ந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

டிராக்டர் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் காணிப் படலைக் கதவின் அகலத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டான். மெசினை நிறுத்தப்போகும் கொட்டில் வாசலின் உயரத்துக்கு இன்னொரு முடிச்சு.

டிராக்டர் விற்பனை முற்றம் பெருந்தெருவோரம் இருந்தது. காரை விட்டு இறங்கியதும் வரதராஜா அப்படியே நின்றுவிட்டான். செம்மஞ்சள், நீலம், பச்சை என்று நூறு மெசின்களாவது வரிசையாக நின்றன. ஒன்றிலும் சேறில்லை. பரந்தனில் அவன் ஓட்டியது அவனைவிட வயது கூடியது; காலையில் இரண்டு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். இங்கே டயரின் பள்ளங்களில்கூட கடை மினுமினுப்பு அழியாமல் இருந்தது. பக்கத்தில் போய் ஒன்றின் மூடியில் கையை வைத்தான். வெயிலில் சூடேறியிருந்த இரும்பு, உயிருள்ளதைத் தொட்டதுபோல இருந்தது.

முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷெரில், அறுபது வயதுப் பெண், தேநீர்க் கோப்பையோடு வந்தாள். சடகோபன் நேராகக் கண்ணாடி அறை வைத்த ஒன்றின் பக்கம் போனார்.

"இதுல ஏசி இருக்கு. தூசியே வராது. இது நல்லாருக்குல்ல?"

வரதராஜா கயிற்றின் ஒரு நுனியை நிலத்தில் மிதித்து மற்றதை மேலே இழுத்தான். கூரை முடிச்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"கொட்டிலுக்குள்ள போகாது டொக்டர். வெளியிலதான் நனைஞ்சுகொண்டு நிக்கும். மற்றது, எங்கட காணி சரிவு. மேல பாரம் கூடினால் குறுக்கால போகேக்க பிரளும்."

ஷெரில் கயிற்றைப் பார்த்தாள். பிறகு கோப்பையை ஒரு டயரின் மேல் வைத்துவிட்டு, வா என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அவனுடைய ஆங்கிலம் பாதியில் நின்றுவிடும் இடங்களில் விரலால் காட்டினான். மிகச் சின்னதைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தான். முன் வாளியில் மரக்குற்றியைத் தூக்கினால் பின்சக்கரம் நிலத்தை விட்டுவிடும். பெரியது படலைக்குள் நுழையாது. கடைசியில் முப்பத்தைந்து குதிரைவலுவில், பதிந்த உடம்போடு, செம்மஞ்சள் நிறத்தில் நின்ற ஒன்றின் அடியில் மல்லாக்கப் படுத்துக் கிரீஸ் அடிக்கும் இடங்களை எண்ணினான். எல்லாம் கைக்கு எட்டின.

ஷெரில் சாவியை நீட்டினாள். முற்றத்தின் பின்னால் இருந்த மண்மேட்டைக் காட்டி, ஏற்றிப் பார் என்றாள்.

ஏறி உட்கார்ந்தான். இடது கால் தானாகவே கிளச்சைத் தேடியது. கிளச் இல்லை. வலது காலால் மெல்ல அழுத்தினால் முன்னால் போகும். குதிகாலால் அழுத்தினால் பின்னால் வரும். அவ்வளவுதான். மேட்டின் பாதியில் காலை எடுத்தான். மெசின் உருளாமல் அந்த இடத்திலேயே நின்றது. கீழே ஒரு கொங்கிறீற் கட்டை கிடந்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். வாளியை அதன் அடியில் கொடுத்து, இரண்டு விரலால் ஒரு தடியை இழுத்தான். கட்டை, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல, சத்தமில்லாமல் மேலே வந்தது. வரதராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"இதுதான் டொக்டர். பின்சக்கரத்தை அகட்டிப் பூட்டித் தரச் சொல்லுங்கோ. டயருக்குள்ள தண்ணியும் நிரப்ப வேணும். பாரம் கீழ நிக்கும்."

சொல்லும்போதே அவன் சக்கரத்தையும் டயரையும் விரலால் காட்டியதில் புரிந்துகொண்டு, சடகோபன் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுக்கும் முன்பே ஷெரில் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டையும் கேட்டு வாங்குகிறவர்கள் வருடத்தில் ஐந்து பேர்கூட இல்லை என்று சொல்லி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அலுவலகத்தில் இன்சூரன்ஸ் படிவம் வந்தது. ஓட்டுபவர் பெயர் என்ற இடத்தில் ஷெரில் பேனாவை வைத்துக்கொண்டு வரதராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தயாரானான்.

"ஒரு நிமிஷம்," என்றார் சடகோபன். அவனை வாசல் பக்கம் கூட்டிப் போனார். "உங்க விசா ரினியூ ஆயிடுச்சா?"

"மார்ச்சில முடிஞ்சது டொக்டர். திரும்பக் கேட்டுப் போட்டிருக்கு. லோயர் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுறார்."

"அதான். உங்க பேரப் போட்டா விசா நம்பர் கேப்பாங்க. உங்களுக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. பேப்பர் வரட்டும். அதுவரைக்கும் நான் ஓட்டிக்கிறேன்." சொல்லும்போது அவர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க."

"ஓம் டொக்டர். அது விளங்குது."

படிவத்தில் சடகோபனின் பெயர் போயிற்று. பெயர் உள்ளவருக்குத்தான் ஷெரில் ஓட்டக் காட்டித்தர வேண்டும். அவர் இருக்கையில் ஏறி, எந்தத் தடி எதற்கு என்று ஒவ்வொரு முறையும் கீழே நின்ற வரதராஜாவைத்தான் பார்த்தார். அவன் கண்ணால் காட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மெசின் லொறியில் வந்து இறங்கியது. மறுநாள் காலையே சடகோபன் புதுத் தொப்பியோடு வந்தார். பின்னால் பூட்டிய புல்வெட்டி சுழலத் தொடங்கியதும், வரதராஜா மூன்று நாளாக வெட்டிய அளவு பற்றை மூன்று நிமிடத்தில் தூளாகிப் படிந்தது. ஏற்றத்தில் ஏறும்போதும் எஞ்சினின் குரல் மாறவில்லை. அப்படியொரு குரலை அவன் கேட்டதில்லை. எதையும் மறுக்காத, மூச்சு வாங்காத குரல். வேலியோரம் நின்று வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

திடீரென்று 'டங்' என்று ஒரு சத்தம். சடகோபன் நிறுத்தினார். புல்லுக்குள் கிடந்த கல்லில் புல்வெட்டியின் அலகு பட்டு ஓரம் மழுங்கியிருந்தது.

"வரதராஜா, இங்க வாங்க. எனக்கு மேலேருந்து ஒண்ணும் தெரியல. நீங்க முன்னாடி நடந்து கல்லு கில்லு இருந்தா எடுத்துப் போட்டுட்டே போறீங்களா?"

"ஓம் டொக்டர்."

இடுப்பளவுப் புல்லுக்குள் இறங்கினான். காலால் துழாவி, குனிந்து, ஒரு கல்லை எடுத்து வேலிப்பக்கம் எறிந்தான். பிறகு இன்னொன்று. பத்தடி பின்னால் மெசின் சீராக வந்துகொண்டிருந்தது. அதன் சூடு முதுகில் பட்டது.

"கொஞ்சம் வேகமா," என்று மேலிருந்து சத்தம் வந்தது.

வரதராஜா குனிந்தபடியே காலை எட்டிப் போட்டான்.