உருண்டை முள் கீபோர்டு

ஈயம் புகைந்தது. முத்துச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வயரைப் பற்றவைத்தாள். மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குப் பத்திர ஆபீசில் டோக்கன்.

"இன்னும் எத்தனை வயரு?" என்றார் பத்திர எழுத்தர் பூவனலிங்கம்.

"ஒண்ணுதான் அண்ணாச்சி. கரண்டுக்கு ஒண்ணு, எர்த்துக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு, தாளத்துக்கு ஒண்ணு."

விவகாரம் இதுதான். கோவில்பட்டியில் பூவனலிங்கத்தின் எழுத்தகத்துக்கு நேற்றுப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழைய கீபோர்டின் உருண்டை முள் நுழைய அதில் ஓட்டையே இல்லை. கூடவே வந்த புதுக் கீபோர்டில் டைப்பிஸ்ட் பேச்சித்தாய் அரைப்பக்கம் அடித்துப் பார்த்தாள். அப்பளத்தின் மேல் நடப்பது போல் இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். பழையதில் அவளுக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். எழுத்துகள் தேய்ந்து கட்டைகள் மொழுமொழுவென்று இருந்தன. எது எங்கே என்று அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

பூவனலிங்கம் கோபப்படவில்லை. வாடிக்கைக்காரி ரெங்கம்மாளின் பத்திரம் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் நாளையிலிருந்து அந்த நாற்காலியில் தன் மருமகள் உட்காருவாள் என்று, மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னார். பேச்சித்தாய் நேராகப் போய், செல்போன் ரிப்பேர் கடை முத்துச்செல்வியைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"என்னட்டி, தீப்பெட்டி அளவுகூட இல்ல?" என்றாள் பேச்சித்தாய், வயர்கள் பற்றவைத்த சின்னப் பலகையைப் பார்த்து.

"பழசு பேசுதது புதுசுக்குப் புரியாதுக்கா. இது நடுவுல நின்னு எடுத்துச் சொல்லும். நீங்க அடிக்கதை அப்படியே சொல்லும். கூட்டாது, குறைக்காது."

இந்தப் பதில் பேச்சித்தாய்க்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சொருகியதும் எழுத்து ஓடி வந்தது. புதூர் பக்கத்துக் கரிசல் புஞ்சை, சர்வே நம்பர், எல்லாம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. ழ.

முத்துச்செல்வி வயர்களைத் தொட்டுப் பார்த்தாள். லேப்டாப்பில் புரோகிராமை மூன்று தடவை வாசித்தாள்.

"நேத்து வரைக்கும் வந்துச்சாக்கா?"

"நேத்து நாலு பத்திரம் அடிச்சேன் தாயி."

"அப்ப எம்மேலதான் தப்பு."

பேச்சித்தாய் மறுக்கவில்லை. தண்ணீர் குடித்தாள். "அது போனாப் போகுது. ள போட்டுக்கிடுதேன்."

"பத்திரத்துலயா? எம்பேருல்லா நாறும்" என்றாள் முத்துச்செல்வி.

மேல் வரிசைக் கடைசியில் யாரும் தொடாத கட்டை ஒன்று இருந்தது. அதைத் தட்டினால் ழ என்று புரோகிராமை மாற்றினாள். வந்தது. பதினொன்று நாற்பத்தாறு.

அச்சான தாளைப் பூவனலிங்கம் விரல் வைத்து வாசித்தார். நிலத்தின் நான்கெல்லை சொல்லும் வரியில் விரல் நின்றது.

"இது யாரு செஞ்ச வேலை? கிழக்குன்னு கெடக்கு."

"அதான அண்ணாச்சி சரி?" என்றாள் முத்துச்செல்வி.

"சரியா தப்பான்னு நான் கேக்கல." மூலப் பத்திரத்தை விரித்தார். "இதுல கிளக்கு. முந்தின பத்திரத்துலயும் கிளக்கு. ரெண்டும் இங்கன அடிச்சது. இது மட்டும் கிழக்குன்னா, வேற நெலமான்னு ஆபீசுல கேப்பாம்லா. மாத்து பேச்சி."

"எதைப் போட்டாலும் சூரியன் அங்கனதான உதிக்கும்?" என்றாள் ரெங்கம்மாள்.

பேச்சித்தாய் இரண்டே நிமிடத்தில் எல்லா ழவையும் ள ஆக்கினாள். பூவனலிங்கம் தாளைச் சுருட்டிக்கொண்டு, ரெங்கம்மாளோடு படி இறங்கினார். பதினொன்று ஐம்பத்தாறு.

"நாளைக்கு ஒம்போதுக்கே வந்திரு பேச்சி" என்று திரும்பிப் பாராமல் சொன்னார்.

நாற்காலி பிழைத்தது. முத்துச்செல்வி சாமான்களைப் பைக்குள் போட்டாள்.

"ஏக்கா, இத்தனை வருசமும் கிளக்குத்தானா? அண்ணாச்சி அப்படித்தான் அடிக்கச் சொன்னாவளா?"

பேச்சித்தாய் வாசலைப் பார்த்தாள். அவர் ரோட்டைக் கடந்துவிட்டார்.

"அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. வேலைக்கு வந்த மறுநாளே இதுமேல டீயைக் கொட்டிட்டேன். சொன்னா அனுப்பிருவாவன்னு சொல்லல. மத்தது எல்லாம் காஞ்சு சரியாப் போச்சு. ழ மட்டும் அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல."