அவர் குரல் இருந்த இடம்

என் வீட்டுக்காரர் வாசுவுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'ஃப்ரீ வாசு'. கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் சுங்கை வேயில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் வேலை விட்டு வந்த கையோடு போய் உட்கார்ந்துவிடுவார். திருட்டு சாஃப்ட்வேர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கடிதம் அடிக்க லிப்ரே ஆபிஸ், படம் பார்க்க வி.எல்.சி., குரல் பதிய ஆடாசிட்டி என்று போட்டுக்கொடுப்பார். "காசு குடுத்தாதான் நல்லதா லா? தேடுனா ஃப்ரீயிலயே இருக்கு" என்பார். கேட்டுக் கேட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே அது வேதவாக்கு ஆகிவிட்டது. யார் கம்ப்யூட்டராவது தும்மினால் போதும், ஆளாளுக்கு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போயும் போயும் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த பிறகு அந்தக் குரல் திரும்பி வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மாதவிதான் ஒரு வழி சொன்னாள். தினமும் வீட்டில் பேசுகிறதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொந்தக் குரலில் பதிந்து வைத்தால், பிறகு டேப்லட்டில் ஏற்றித் தரலாம். பட்டனைத் தொட்டால் அவர் குரலே பேசும்.

"அந்த சாஃப்ட்வேரும் ஃப்ரீயாம், தாமரை" என்று காரில் வரும்போது சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா அது?

சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார். நான் வெளியே நின்று கேட்பேன். சாப்டியா. சாவி எங்க வச்சே. ரோட்டப் பாத்துப் போ. கோவிச்சுக்காத லா. கரகரத்துப்போன குரல்தான், ஆனாலும் அவர் குரல். என் பெயரை மட்டும் கூப்பிடுகிற மாதிரி, அதட்டுகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி என்று விதவிதமாகப் பதிந்தார். எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"ஒரே மாதிரி கூப்ட்டா நீ திரும்ப மாட்டியே" என்றார்.

இன்னொரு நகல் எடுத்து வைக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடமெல்லாம் குழுவில் வந்த காலை வணக்கப் படங்களால் நிரம்பிக் கிடந்தது. அதைக் காலி பண்ணுவதற்குள் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், ஓடினோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதிந்ததை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள் மாதவி. கிள்ளானிலிருந்து என் கொழுந்தன் குரு வந்தான். தங்கமான பிள்ளை, ஆனால் கை சும்மா இருக்காது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய பென்டிரைவ் ஒன்றைப் பெருமையாகச் சொருகினான். அண்ணன் கம்ப்யூட்டரில் இடமே இல்லை, கொஞ்சம் காலியாகட்டும் என்று காப்பி பண்ணாமல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் பென்டிரைவில் ஒட்டினான். பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எங்கள் இருவருக்கும் திருப்தி.

மாதவி சொருகிப் பார்த்தாள். பெயர்கள் இருந்தன, ஒன்றும் பாடவில்லை. இது போலி, மேலே எழுதியிருக்கிற அளவில் கொஞ்சம்கூட உள்ளே கிடையாது, மீதியை வாங்குவதுபோல் வாங்கி விழுங்கிவிடும் என்றாள். வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் கம்ப்யூட்டரிலும் அந்த ஃபோல்டர் காலி. குரு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அவரிடம் சொல்லிவிடலாம், அவருக்குத் தெரியாத கம்ப்யூட்டரா என்று நான் அப்போதே சொன்னேன். ஆனால் படுத்திருக்கிறவரிடம் கெட்ட சேதி சொல்லவே கூடாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். என் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் வளர்த்த நாய் செத்துப்போனது. கடைசி வரைக்கும் அது நன்றாகச் சாப்பிடுகிறது என்றே சொல்லிவைத்தார்கள். இப்போது சட்டத்தைக் காப்பாற்ற பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாசுவின் அக்கா சீதாலெட்சுமி வந்து இறங்கினார்.

"தையல் இன்னும் காயல. கேட்டுட்டு அழுதான்னா தொண்டை பிஞ்சிரும். அப்புறம் யாரு பதில் சொல்றது, நீயா?" என்றார்.

நான் என்ன செய்ய? நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த ஜென்மத்துக்கு என் தலைதான் உருளும். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஒருத்தரைத் தவிர உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது. அக்காவே அவர் இல்லாத இன்னொரு குழு ஆரம்பித்து, அழிந்ததை மீட்க யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டார். கேட்க வேண்டுமா? வாசு வளர்த்த கூட்டமாயிற்றே. டெங்கிலிலிருந்து ஒருத்தர், கம்போங் மேடானிலிருந்து ஒருத்தர், யாரென்றே தெரியாத ஒரு மச்சான், ஆளுக்கொரு பெயர். எல்லாம் ஃப்ரீ, எல்லாம் சூப்பர். குரு ஒன்றைப் போட்டான். அது மணிக்கணக்காகத் தேடிவிட்டு, பெயரை மட்டும் காட்டிக் காசு கேட்டது. சீ என்று அடுத்ததைப் போட்டான். அது கூடவே யாரும் அழைக்காத நாலு சாமானை இழுத்துக்கொண்டு வந்து குடியேறியது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் திரையில் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு, முருகா, முருகா என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு துண்டு பாடியது. "தாம" என்றது. அதற்குப் பிறகு தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். குரு மறுபடியும் போட்டான். நிறுத்துடா என்று கத்தினேன்.

இடையில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் பேனாவால் தட்டுவார். டக் டக். அவ்வளவுதான் இப்போது என் பெயர். சின்ன வெள்ளைப் பலகையில் 'டேப்லட்?' என்று எழுதிக் காட்டுவார். மாதவி தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அப்படியே செத்துவிடலாம் போல இருக்கும்.

கடைசியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் நஸ்ரினின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனோம். அழிந்த பிறகு இந்த டிஸ்க்கில் புதிதாக ஏதாவது போட்டீர்களா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. குரு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. அரைநாள் முயன்று பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். அழித்தாலும் குரல் இருந்த இடத்தை விட்டுப் போகாது. வீடு காலி என்று வெளியே போர்டு மாட்டிய மாதிரி, சாமானெல்லாம் உள்ளேயே கிடக்கும். வேறு யாராவது குடிவந்தால்தான் அதெல்லாம் போகும். எங்கள் டிஸ்க்கில் வேறு இடமே இல்லாததால், போட்ட ஒவ்வொரு ஃப்ரீ சாஃப்ட்வேரும் நேராக அவர் குரலின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

"ஆஃப் பண்ணி அப்படியே கொண்டாந்திருந்தா எடுத்திருக்கலாம்க்கா. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

தெரிந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் பலகையும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஏதாவது கேட்க மாட்டார்களா என்று படுத்திருந்தார்.

அக்காவாவது சட்டமாவது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருவையும் இழுத்துக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் கொட்டினேன். குரு வெட்டி ஒட்டினான், பென்டிரைவ் போலி, கம்ப்யூட்டரிலும் அழிந்துவிட்டது. அவ்வளவு வரைக்கும் சொன்னேன். நஸ்ரின் சொன்னதற்கு வருவதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

அவர் அழவில்லை. தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குருவைப் பார்த்து, மடையா என்பதுபோல் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். பிறகு பலகையை எடுத்து எழுதினார்.

'இதுக்கா இப்படி அழுவுற? அழிஞ்சது அங்கயேதான் இருக்கும்.'

துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார்.

'கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி வை. எதையும் புதுசா போட வேணாம். நான் வந்து எடுக்குறேன். அதுக்கு நல்ல சாஃப்ட்வேர் இருக்கு. ஃப்ரீ.'

'எதையும்' என்பதன் கீழே கோடு போட்டார். குரு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கார்கள் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.

டக் டக்.

திரும்பினேன். பலகையை நெஞ்சின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு, செய்வாயா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய களை இருந்தது.

சரி என்று தலையாட்டினேன்.