பினாமிப் படபடப்பு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில், ஒரு பெண்மணிக்கு நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, இதோ செத்தோம் என்று தோன்றியது. அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. யார் அந்தப் பெண்மணி என்று இப்போது கேட்காதீர்கள்.

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

"காவிரி அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாத்தாளின் மனமோ

(அடித்துவிட்டேன். டெல்டா கதை என்றால் எடுத்த எடுப்பில் காவிரி ஓடித்தான் ஆக வேண்டுமா? அந்த வருஷம் தண்ணீர் வந்ததே தாமதம்.)

"1973. ஆட்சி மாறி ஆறு வருஷம். மேடைதோறும் உழுபவனுக்கு

(இது கட்டுரை. யாரும் படிக்க மாட்டார்கள்.)

"கண்ணாத்தாளுக்குப் பயமாக இருந்தது."

இது போதும்.

2

கண்ணாத்தாளுக்கு நாற்பத்தாறு வயது. மாயவரத்துக்குத் தெற்கே, நான் இட்டுக்கட்டிய ஒரு கிராமம். பண்ணையார் சாமிதுரையின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அவள் குத்தகை. புருஷன் போனபிறகு எட்டு வருஷமாக அவளே ஏர் வைத்து, அவளே நட்டு, அவளே அறுத்து வருகிறாள். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் மனுப் போட்டாள். 'அவள் வெறும் கூலியாள், நிலம் என் சொந்தச் சாகுபடி' என்று சாமிதுரை எதிர்மனுப் போட்டார். தனித் தாசில்தார் விசாரணை வைத்தார்.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த அறைக்குள் போய், 'நான்தான் சாகுபடி செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று மாவும் போச்சு.

முதல் இரண்டு வாய்தாவிலும் வாசலோடு திரும்பிவிட்டாள். படியில் கால் வைத்ததும் மூச்சு தொண்டையில் நின்றது. பார்க்கிற முகமெல்லாம் தூரப் போயிற்று. செருப்பை விட்டுவிட்டு ஓடி, தெருக்கோடிப் புளியமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் தான் சாகவில்லை என்று தெரிந்தது. மூன்றாவது வாய்தாதான் கடைசி என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன்: நில உச்சவரம்பு வந்ததும் சாமிதுரை தன் நிலத்தை மச்சான், சமையல்காரர், கார் டிரைவர் என்று பேர் பேராகப் பினாமி எழுதிவைத்தார். 'ராஜா' என்ற பேரில் இருக்கும் ஆறு மா அவர் வீட்டு நாயுடையது என்று ஊரில் பேச்சு. நாய் இதுவரை மறுக்கவில்லை. பினாமி என்ற சொல்லை ஞாபகத்தில் வையுங்கள், எனக்கு வேண்டியிருக்கும்.)

3

வெறுங்கையோடு அவள் அந்த வாசலுக்குப் போகவில்லை. மாயவரம் டாக்டர் ஒருவர் படபடப்புக்குச் சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். புரட்டாசியில் அருமையாகக் கேட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு கேட்கவில்லை. அதனால் பயம் இரட்டிப்பாயிற்று. முன்பு வாசலுக்குப் பயந்தாள், இப்போது மாத்திரை கைவிட்டுவிடுமோ என்றும் பயந்தாள்.

கடைசி வாய்தாவுக்கு முதல் நாள், மருந்து கட்டிக் கொடுக்கும் கம்பவுண்டர் நெய்னா முகம்மதுவிடம் போய் முறையிட்டாள். கூடவே நாத்தனார் நீலாம்பாள்.

"பாய், மாத்திரை கேக்கல. முன்னயெல்லாம் போட்டா அரை மணியில அடங்கும். இப்ப அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்."

"எப்படிம்மா வச்சிருக்கே?"

"நல்லாத்தான் வச்சிருக்கேன். மழையில நமத்துப் போச்சேன்னு, மூணு நாள் நல்ல வெயில்ல மொறத்துல காயப் போட்டு, நொச்சி எலை போட்டுக் கலயத்துல மூடி வச்சிருக்கேன்."

நெய்னா முகம்மது பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "ஏம்மா, இது என்ன வெதநெல்லா?"

"காய வைக்காம எதுதான் பாய் கெடாம நிக்கும்?"

"நாத்தங்கால்ல தெளிக்காம விட்டீங்களே அண்ணி, அந்த மட்டும் புண்ணியம்!" என்றாள் நீலாம்பாள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் பொட்டலத்தை நீட்டும்போது முகம் மாறியது. "வெயில் பட்டா மருந்துக்குச் சத்துப் போயிடும்மா. இந்தா, புதுசு. இதுவும் கேக்கலைன்னா டாக்டர்கிட்ட கேக்கலைன்னு சொல்லணும். மனசுக்குள்ள வச்சுக்கக் கூடாது. நீயா கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கேட்டியா?"

4

இங்கேயே முடித்திருக்கலாம். புது மாத்திரை, புதுத் தெம்பு, மூன்று மா கையில், சுபம். எழுதியும் பார்த்தேன்:

"கண்ணாத்தாள் கம்பீரமாக உள்ளே நுழைந்தாள். அவள் கண்களில்

தூ! எனக்கே நம்பிக்கை வரவில்லை. காரணம் இருக்கிறது. என் மாத்திரைகளை நான் வெயிலில் வைத்ததே கிடையாது.

ஆமாம். பஸ் ஸ்டாண்டுப் பெண்மணி நான்தான். மீசை வைத்த பெண்மணி. பதினான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதமாகக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருக்கிறது. 'எப்படி இருக்கீங்க?' என்று டாக்டர் கேட்டால், 'தேவலை சார்' என்று சிரித்துவிட்டு வருகிறேன். வெட்கம். இந்த வயதில், இத்தனை புத்தகம் போட்டவன், பஸ் ஏறப் பயந்தான் என்று எப்படிச் சொல்வது? அதனால் என் படபடப்பை அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பேரில் எழுதிவைத்தேன். சாமிதுரையை ஏசும் யோக்கியதை எனக்கு இல்லை.

கண்ணாத்தாள் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, கதை எழுதுறவரே. குத்தகை வம்பு ஒண்ணு போதாதா எனக்கு? உங்க நடுக்கத்தையும் நானே சுமக்கணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. பேர் மட்டும்தான் உன்னுது."

"பண்ணையாரு டிரைவர்கிட்ட சொன்னதும் இதேதாங்க."

அவசரமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன்.

5

மாசி மாதம், காலை பதினொரு மணி. புது மாத்திரை போட்டாயிற்று. இருந்தும் அந்தப் படியைப் பார்த்ததும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணி, பத்தே எட்டுதான். வாங்க," என்று நீலாம்பாள் கையைப் பிடித்தாள்.

"முடியாதுடி நீலா. அந்தக் கதவப் பாத்தா உசுரு போவுது."

"அப்ப பாக்காதீங்க!"

எரிச்சலில் சொன்னதுதான். கண்ணாத்தாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முந்தானையைச் செருகி இடுப்பை வளைத்தாள். இடது கையில் இல்லாத நாற்றுமுடி. வலது கையின் மூன்று விரல் சிமெண்டுப் படியில் ஊன்றியது. ஒரு எட்டு பின்னால். இன்னொரு ஊன்றல். இன்னொரு எட்டு.

நடவில் யாரும் முன்னால் நடப்பதில்லை. இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியாது. நட்டது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வேலையும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். இது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, முப்பது வருஷமாக இடுப்புக்குத் தெரிந்தது.

தாசில்தார் அலுவலகத்தில் நடவு நடந்தது. டவாலி போட்ட சேவகன் தாண்டிக் குதித்தான். "சார், காலத் தூக்கிக்கங்க, நட்டுட்டு வராங்க," என்று நீலாம்பாள் குமாஸ்தாவை அதட்டினாள். அவர் தூக்கிக்கொண்டார்!

"என்னம்மா பண்றே?" என்றார் தாசில்தார்.

"நடறேங்க."

"பைத்தியம் சார்," என்றார் சாமிதுரையின் வக்கீல். "தவிர, கூலியாளும்தான் நடுவா. இது சாட்சியமா?"

கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். மேஜை முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பினாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

"வெத என்னுதுங்க. ஏர் நான் வச்சது. குத்தகை நெல்லு வருஷா வருஷம் நான் கொண்டுபோய்ப் போட்டது. நான்தாங்க சாகுபடி."

சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைப்பதற்குள் அவள் கை என் பக்கம் நீண்டது.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க சாமி. இந்த நடுக்கம் என் பேர்ல இருக்கு. ஆனா அனுபவிக்கிறது அவரு. மாத்தி எழுதிடச் சொல்லுங்க."

தாசில்தார் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அப்படியாய்யா?"

6

மூன்று மா பற்றிய உத்தரவை நான் எழுதப் போவதில்லை. தாசில்தார் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நாயைத் தவிர எல்லாரும் வாக்குமூலம் கொடுத்தாயிற்று.

என்னுடையது மட்டும் பாக்கி. இதை டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. விரல் மரத்துவிட்டது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. அடுத்த டோக்கன் நான்.

கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறேன். பெஞ்சில் இருக்கிற அம்மாள் காலைத் தூக்கிக்கொள்கிறார். சிரிக்காதீர்கள். (சரி, சிரியுங்கள்.) ஒரு எட்டு. இன்னொரு எட்டு. உள்ளே வந்தாயிற்று. டாக்டர் கேட்கிறார், "எப்படி இருக்கீங்க?"

"சார், மாத்திரை