எண்ணிக்கையில் வராத துண்டு

தையற்காரரின் தொடைக்குள் எதையோ வைத்துத் தைத்துவிட்டார்கள் என்ற செய்தி, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாளே தெருவின் கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ப்பித்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். நொண்டி நொண்டி வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார்.

தொடையில் ஒரு கொழுப்புக் கட்டி, எலுமிச்சை அளவு. அதை எடுக்க இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டார்கள். வாயும் மரத்திருந்தால் தெரு பிழைத்திருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். "கசிவு நிக்கல, ஒரு துண்டு வச்சு உள்ளேயே விட்டுடலாம்" என்றார் டாக்டர். ரத்தம் துடைத்த துணிகளை நர்ஸ் உரக்க எண்ணி, "பதினஞ்சும் சரியா இருக்கு" என்றாள். அவள் சரி சொன்னால்தான் டாக்டர் தைக்கலாம் என்பது அங்கே சட்டம்.

அந்த நர்ஸ் அவருடைய சொந்த மருமகள்.

அதனால் மருமகள் மேல் கோபமா என்றால், இல்லை. பாசம் பொங்கியது. ஒன்று உள்ளே இருக்கையில் பதினைந்தும் எப்படிச் சரியாகும், டாக்டருக்குப் பயந்து பச்சைப்பிள்ளை பொய் சொல்லிவிட்டது என்று அவராகவே தீர்மானித்து, அவளைக் காப்பாற்ற டாக்டர் மேல் ஒரு புகாரும் எழுதிவிட்டார். தையல் பிரிக்கும் நாளன்று பெரிய டாக்டர் கையிலேயே கொடுப்பதாகத் திட்டம்.

அந்தப் புகார்தான் மருமகளுக்கு வினை. அடுத்த மாதம் அந்த ஆபரேஷன் அறைக்கே அவள் பொறுப்பாக வேண்டியவள். தப்பான எண்ணிக்கையைச் சரி என்றவள் என்று மாமனாரே எழுதிக் கொடுத்தால் பொறுப்பு எங்கே வரும்? உள்ளே விட்டது வேறு துணி, ரத்தம் அதைப் பிடித்துக்கொண்டு உறையும், கொஞ்ச நாளில் உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும், அதனால்தான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"துணி கரையுமாம்மா? நாப்பது வருஷமா துணியோட குடித்தனம் பண்றவன்கிட்ட கதை விடறியே" என்று அவர் மோர் கேட்டார். அவள் புருஷனோ, இந்தச் சண்டையில் தலைகொடுக்காமல் மொபைலுக்குள் ஒளிந்துகொண்டான்.

தையல் பிரிப்பதற்கு முதல் நாள், கெஞ்சியாவது பார்ப்போம் என்று கடைக்கே போனாள். புகார்க் கடிதம் தையல் மிஷின் மேல் கத்தரிக்கோலின் கீழ் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு குழந்தைச் சட்டையின் காலரில் பூ வேலை முடித்து, அதை வாளித் தண்ணீரில் முக்கி அலசிக்கொண்டிருந்தார். பூவுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்த மெல்லிய வெள்ளைத் துண்டு கொழகொழவென்றாகி, காணாமலே போனது. பூ மட்டும் நின்றது.

மருமகள் கெஞ்ச வந்ததை மறந்தாள்.

"மாமா, அடியில வச்சீங்களே, அது எங்க?"

"அது பூத்தாள்மா. தைக்கிற வரைக்கும் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான். அப்புறம் தண்ணில கரைஞ்சிடும்."

"சட்டைக்குள்ள எதையோ வச்சுத் தைச்சுட்டீங்கன்னு சட்டைக்காரங்க புகார் எழுதலையா?"

அவர் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அப்புறம் கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கடியில் சொருகினார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், மாமனார்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மருமகளும் கூடவே போனாள். மாமனாரின் வாயை நம்பி யார் தனியே அனுப்புவார்கள்? தெருச்செய்தி அதற்குள் அங்கேயும் எட்டியிருந்தது. பெரிய டாக்டர் தையல் பிரிக்கும் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டே, ஏதோ குறை இருக்கிறதாமே என்று கேட்டார்.

"எண்ணிக்கையில ஒரு குத்தமும் இல்ல டாக்டர். எம் மருமக எண்ணினா எண்ணினதுதான்" என்றவர், தொடையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். "ஆனா இந்தத் தையலைப் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு இடைவெளி சமமா இல்ல. என் கடையில ஒரு பையன் இப்படித் தைச்சா நான் பிரிக்கச் சொல்லிடுவேன்."

பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த கத்தரி ஆடியது. இந்த வாயோடு ஒரே வீட்டில் இருந்து சமாளிப்பவளுக்கு ஆபரேஷன் அறையெல்லாம் தூசு என்று சொல்லிவிட்டு, தையலைப் பிரிக்க மருமகளையே கூப்பிட்டார்.