செவ்வாய்க்கிழமைப் பூசை கொடுத்தவர்

பிராங்கிளின் செத்த தேதியைப் பற்றி அவன் வீட்டுக்கும் அரசாங்கத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகஸ்ட் பதினாலு. முதல் தகவல் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது, பேப்பரில் அப்படித்தான் வந்தது, கல்லறையிலும் அப்படியே வெட்டியிருக்கிறார்கள். அன்று காலையில்தான் கன்னிவாடி போகிற சாலையோரத் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்க வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். பின்மண்டையில் அடி. வயது பதினாறு. மறுநாள் சுதந்திர தினம் என்பதால் போலீஸ்காரர்கள் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். கொலைகாரனும் எங்காவது கொடிக்கு முன்னால் விறைப்பாக நின்றிருக்கலாம். விசாரணை பதினாறாம் தேதி ஆரம்பித்தது. ஆறு வருஷமாக ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறது.

காரணம், இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதுவரை ஏழு பேர். புதிதாக வருகிறவர் வீட்டுக்கு வருவார், காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்காருவார், டீ குடிப்பார், கேட்பார்: "பையனுக்கு எதிரி யாராச்சும் உண்டாம்மா?"

"இல்ல சார்" என்பாள் அம்மா கிளாரா.

"லவ்வு கிவ்வு?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போவார். நான்காவது இன்ஸ்பெக்டர், மகள் ஏஞ்சலின் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பது தெரிந்ததும், அவளிடமே சர்க்கரை பார்த்துக்கொண்டார். இருநூற்று நாற்பது. அந்த வழக்கில் உறுதியாகத் தெரியவந்த ஒரே எண் அதுதான்.

ஏஞ்சலினுக்கு இப்போது இருபத்தாறு. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "கேசு முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், முடிந்ததும் சொல்லி அனுப்பச் சொல்லுவார்கள். அப்பா சிலுவைமுத்து கணக்கு வாத்தியார். கரும்பலகையில் 'கண்டுபிடி' என்று முடிகிற கணக்கை எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மா கிளாரா யாரிடமும் "சாப்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். வந்தவர் முன்னால் தட்டை வைப்பாள், போடுவாள், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். கடைசியாக வீட்டைவிட்டுப் போன சாயங்காலம் பிராங்கிளின் ஏதோ கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு, சட்டைப்பையில் பஸ் பாஸ் மட்டும் வைத்துக்கொண்டு வெளியே போனதும், "சாப்டு போடா" என்று இவள் வாசல்வரை வந்து கத்தியதும் அவர்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர்களுக்குத் தெரியும். எழுதிக்கொண்டார்கள்.

ஆறாவது வருஷம் ஆகஸ்டில், ஞாயிறு பூசை முடிந்து, அந்த வாரத்துப் பூசைக் கருத்துகளை, அதாவது எந்தப் பூசை யாருக்காக என்பதை, இஞ்ஞாசியம்மாள் மைக்கில் வாசித்தாள். கோயில் நோட்டு அவள் கையில்தான் இருக்கிறது. யார் ஆத்துமாவுக்கு யார் பூசை கொடுத்தார்கள் என்பது சாமியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"செவ்வாய் மாலை, பிராங்கிளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். புதன் காலை, பிராங்கிளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, குடும்பத்தார்."

சிலுவைமுத்து மகளின் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது.

"அப்பா, என்னாச்சு?"

"செவ்வாய் பதிமூணு."

"அதுக்கு?"

"வீட்டுக்கு வா, சொல்றேன்."

வீட்டில் அவர் பீரோவைத் திறந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார். அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அதுவரை மற்ற இருவருக்கும் தெரியாது. இப்போதும் அவர் அதைக் காட்டவில்லை. மடித்தபடியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியைச் சொன்னார்: உயிர் போனது பதிமூன்றாம் தேதி ராத்திரி.

"ஊருக்கெல்லாம் பதினாலு. பதிமூணுங்கறது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அறுத்த டாக்டருக்குத் தெரியும், அவரு ரிட்டயராகி மகன்கூட வெளிநாடு போயிட்டாரு. போலீசுக்குத் தெரியும்." மூன்று விரலை மடக்கினார். "போலீசு பூசை குடுக்குமா?"

ஏஞ்சலின் யோசித்துப் பார்த்தாள். "குடுக்காது."

"கழிச்சுரு. மிச்சம் யாரு?"

மிச்சம் கொன்றவன்தான். ஏழு இன்ஸ்பெக்டர்கள் செய்யாததை ஒரு கணக்கு வாத்தியார் கழித்தல் மட்டும் வைத்துச் செய்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது.

கிளாரா கேட்டாள்: "குடுத்தவன் வருவானா?"

"காசு குடுத்து பூசை சொன்னவன் வராம இருப்பானா?" என்றாள் ஏஞ்சலின்.

"வந்தா எனக்கு அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஏன் செஞ்சன்னா?"

"அது எதுக்கு எனக்கு. புள்ள அன்னிக்கு ராத்திரி சாப்ட்டானான்னு கேக்கணும். அவனுக்குத்தான தெரியும்."

சிலுவைமுத்து அறிக்கையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பூட்ட ரொம்ப நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை கிளாரா நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். செவ்வாய் என்றால் அந்தோணியார் நவநாள் செபம். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்பதால் அந்தக் கூட்டத்துக்கு சாதி மதம் கிடையாது. பேகம்பூரிலிருந்து இரண்டு முஸ்லிம் அக்காமார் வருவார்கள், பூக்கடைக்காரர்கள் வருவார்கள், ஆர்சி புக்கைத் தொலைத்த ஆட்டோக்காரர்கள் வருவார்கள். கொலைகாரனைத் தேட இதைவிட மோசமான நாள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் முன்பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, ஏஞ்சலின் கடைசி பெஞ்சில் இருந்து ஆட்களைப் பார்த்தாள். மாஸ்க் போட்ட ஒருவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் தும்மினார். சளி. சாமியார் பிராங்கிளின் பெயரைச் சொன்னபோது அழுத ஒரே ஆள் சிலுவைமுத்துதான். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பூசை முடிந்து வெளியே வந்தாள். அந்தோணியார் சிலை இருக்கும் கெபி முன்னால் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மெழுகுவர்த்தியைக் கொளுத்தத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மஃப்டியில் இருந்தாலும் முதுகை வைத்தே ஆள் தெரிந்தது. ஏட்டு சோலைமலை. ஏழு இன்ஸ்பெக்டர்களோடும் வீட்டுக்கு வந்து கதவோரமாக நின்றவர்.

ஏஞ்சலினுக்கு முதல்முறையாகக் காவல்துறைமேல் மரியாதை வந்தது. பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டய்யா, நீங்களும் அவனப் பிடிக்கத்தான் வந்தீங்களா?"

"எவன?"

"பூசை குடுத்தவன."

சோலைமலை மெழுகுவர்த்தியை நிமிர்த்திப் பிடித்தார். "நாந்தான் தாயி குடுத்தேன்."

கெபிக்கு முன்னால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"நீங்களா? எதுக்கு?"

"எங்க வீட்டம்மாவுக்குப் போன வருசம் கொலுசு காணாமப் போச்சு. பக்கத்து வீட்டு அல்போன்சா இங்கன வேண்டிக்கச் சொன்னாங்க. மூணாம் நாளு அரிசி டப்பாக்குள்ள கெடந்துச்சு." அவர் இதைச் சாட்சி சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். "ஆறு வருசமா நானும் எல்லா எடத்துலயும் தேடிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. காசு வச்ச கவருமேல எம்பேரு போடாம, பிராங்கிளின் கேசுக்குன்னுதான் எழுதுனேன். அந்தம்மா செத்தவன் பேரப் பாத்ததும் ஆத்துமா கணக்குல எழுதிருச்சு போல."

"அப்ப பதிமூணாந்தேதி?"

"எனக்கு செவ்வாதான் லீவு."

ஏஞ்சலின் படியில் உட்கார்ந்துவிட்டாள். திண்டுக்கல்லில் அந்தக் கொலையைப் பற்றி மனசாட்சி உறுத்துகிற ஒரே ஆள் ஒரு ஏட்டு. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

"இன்னொண்ணும் இருக்கு பாப்பா." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "புது ஐயா கேச மூடச் சொல்லிட்டாரு. கண்டுபிடிக்க முடியலன்னு. இது நோட்டீசு. ஆட்சேபணை இல்லன்னு உங்கம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும். இங்கன வேண்டிட்டு, கெடைக்கலன்னா நாளைக்கு வீட்டுல வந்து குடுக்கலாம்னு இருந்தேன்."

"கெடைக்க எம்புட்டு நேரம் குடுத்தீங்க அந்தோணியாருக்கு?"

"ஒரு நாளுதான். ஐயா அவசரப்படுத்துறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்: "நீங்க போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் படிச்சிருக்கீங்களா?"

"ஏழு தடவ. ஒவ்வொரு ஐயாவுக்கும் நாந்தான படிச்சுக் காட்டணும்."

"வயித்துல என்ன இருந்துச்சு?"

சோலைமலை அவளைப் பார்க்கவில்லை. "புரோட்டா. கறி. செரிக்காம இருந்துச்சு. சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆகிருக்கும்னு போட்டிருக்கு."

கிளாராவும் சிலுவைமுத்துவும் அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தார்கள். கடைசி வாக்கியம் அவர்கள் காதிலும் விழுந்தது. கிளாரா திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு வருசமா?"

"அந்த ஒரு வரியச் சொன்னா மிச்ச வரியெல்லாம் கேப்ப" என்றார் சிலுவைமுத்து. "மிச்ச வரிய என்னால வாய்விட்டு வாசிக்க முடியாது கிளாரா."

அவள் அவரைத் திட்டுவாள் என்று ஏஞ்சலின் காத்திருந்தாள். கிளாரா படியில், மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தாள். "சாப்ட்டிருக்கான்" என்றாள், யாரிடமும் என்றில்லாமல். மெழுகுவர்த்தி விற்கிறவளிடம் சில்லறைச் சண்டை போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் தாண்டிப் போயிற்று. பிறகு அவள் முகம் மெதுவாக வேறு மாதிரி ஆனது.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

சோலைமலை கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"பையில பஸ் பாஸ்தான இருந்துச்சு. புரோட்டாவும் கறியும் யாரு வாங்கிக் குடுத்தா?"

"அது... விசாரிக்கலம்மா."

"எதிரி உண்டா எதிரி உண்டான்னு ஏழு பேரு கேட்டீங்க. இல்ல இல்லன்னு ஏழு தடவ சொன்னேன். எதிரிகூடவா உக்காந்து புரோட்டா திம்பான்? கூட்டாளி யாருன்னு ஒருத்தரு கேட்டீங்களா?"

ஏட்டு யோசித்தார். ஏழு முகங்களும் அவர் நினைவில் ஒவ்வொன்றாக வந்து டீ குடித்துவிட்டுப் போயின. "கேக்கலம்மா" என்றார். "அதுக்குள்ள கேச மூடச் சொல்லி நோட்டீசு வந்திருச்சு."

"ஒங்க கடுதாசியக் குடுங்க."

அவர் கொடுத்தார். கிளாரா அதை மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே 'ஆட்சேபணை இருப்பின் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தபால்தலை அளவுதான். அதில் யாராவது எழுதுவார்கள் என்று அச்சடித்தவர் நினைக்கவில்லை.

"இடம் பத்தாதும்மா" என்றார் சோலைமலை.

"ஏஞ்சலு, பேனா."

கிளாரா கட்டத்துக்குள் ஆரம்பித்து, கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் இறங்கி, தாளைத் திருப்பி எழுதினாள். பிராங்கிளின் யார் யாரோடு சுற்றினான், யார் வீட்டில் வண்டி இருந்தது, எவன் துக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நின்று யோசித்தாள். சிலுவைமுத்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் விட்ட இனிஷியல்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவது பெயரில் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவன் இப்ப எங்க இருக்கான்?" என்றாள் கிளாரா.

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல" என்றார் சிலுவைமுத்து. "நம்ம புள்ள அடக்கத்துக்கு மறுநாளே போயிட்டான்."

சோலைமலை மெழுகுவர்த்தியைக் கெபி ஓரத்தில் நட்டு வைத்தார். தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஐயா இதப் பாத்தா திட்டுவாரு" என்றார்.

"திட்டட்டும்."

"எனக்கு அடுத்த லீவு செவ்வாதான்."

"நாளைக்கே போங்க" என்றாள் கிளாரா.

ஏட்டு செருப்பைத் தேடினார். ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. அவர் அந்தோணியாரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.