இன்னொரு மாத்திரைத் தட்டு

போன கிறிஸ்துமஸுக்கு மாமனாருக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட், இப்போது அவர் மாத்திரைகளை அடுக்கி வைக்கும் தட்டு. அந்தப் பெருமை முழுக்க அவருடைய சின்ன மகனை, மருமகளின் கொழுந்தனையே சேரும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் ஆயிற்றே, "அஞ்சே நிமிஷம்" என்று உட்கார்ந்தான். முதலில் சார்ஜ் இல்லை, பிறகு அப்டேட், பிறகு மறந்துபோன பாஸ்வேர்டு. மூன்று மணி நேரம் குடும்பமே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது மந்தமாகிப்போன மாமனார், நடப்பது ஒன்றும் புரியாமல் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

இந்த வருஷம் மருமகள் களத்தில் இறங்கினாள். பதினாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் எந்தக் கொம்பன் டாக்டரையும் தையல் போட விடமாட்டாள். பேசுவதை உடனே எழுத்தாகக் காட்டும் போனாகப் பார்த்து வாங்கினாள். ஒரு வாரம் முன்பே அப்டேட்டை முடித்தாள், எழுத்தைப் பெரிதாக்கினாள், பாஸ்வேர்டைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டினாள். தினமும் பேசிப் பார்த்தாள். கடைசியில் முழு சார்ஜ் ஏற்றி, தூசி படாமல் மூடி, வண்ணத்தாளில் சுற்றினாள்.

"அண்ணி, இது போன். ஆபரேஷன் இல்ல," என்றான் கொழுந்தன்.

"இந்தத் தடவையும் சொதப்பினா உங்கப்பா நம்மகிட்ட பேசுறதையே விட்டுடுவாரு தம்பி. ஏற்கெனவே பாதி விட்டாச்சு."



கிறிஸ்துமஸ் காலை. மாமனார் தாளைப் பிரித்தார். போன் பளிச்சென்று விழித்தது. எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள்.

"மாமா, நான் பேசுறது தெரியுதா?"

திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். வெறும் வெள்ளை. போனைத் திரும்ப மூடி வைக்க மாமனாரின் கை பெட்டி மூடியைத் தேடியது.

"குடுங்க அண்ணி, அஞ்சே நிமிஷம்," என்று கொழுந்தன் கையை நீட்டினான்.

 அவளுக்குத் தியேட்டரில் கலங்கிப் பழக்கமில்லை. கலங்கினால் எண்ண வேண்டும், அவ்வளவுதான். மாமனாரின் முழங்கையை மெல்லத் தொட்டு நிறுத்திவிட்டு, வாய்க்குள் எண்ணினாள். தூசி போகக் கூடாதென்று, காயத்துக்கு ஒட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்திரியைப் போனின் துளைகளில் நாலு துண்டு ஒட்டியிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் உரித்துக் கையில் வைத்திருந்தது மூன்று.

எந்தப் புத்திசாலி போனுக்குக் கட்டுப் போடுவாள்? தன்னையே திட்டிக்கொண்டு, அடிப்பக்கத்து மைக் துளையில் நகத்தை வைத்தாள். நாலாவது துண்டு உரிந்து வந்தது.

"அண்ணி கெட்டிக்காரிதான்," என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரலில், தெருவுக்கே கேட்கும்படி திரையைப் படித்தார்.

"அண்ணி... கெட்டிக்காரிதான்."

பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருஷமாக யார் எது சொன்னாலும் சும்மா தலையாட்டி வைத்த மனிதர்.

"அதுல உனக்கென்னடா சந்தேகம்?" என்றார்.

மருமகளுக்குத் தலைகால் புரியாத பெருமை. நாலு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து, இன்னொரு தடவை எண்ணிக்கொண்டாள்.