சோபாவுக்குப் பொருந்திய சேணம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. குதிரையேற்றக் கழகத்தின் ஆண்டு மலருக்கு, ‘தடைதாண்டும் போட்டிகளுக்கு ஏற்ற சேணமும் கடிவாளமும் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று கட்டுரை கேட்டார்கள். கேட்டவர் மலரின் ஆசிரியர், என் அக்காவின் கணவர். நான் குதிரையில் ஏறியதே இல்லை என்றேன். “எழுதுறதுக்கு எதுக்கு மாப்ள ஏறணும்?” என்றார். அத்தான் விஷயம் எல்லாமே இப்படித்தான்.

முதல் தொடக்கம்: ‘மனிதனுக்கு ஆடை எப்படியோ அப்படியே குதிரைக்கும்...’

(வேண்டாம். எந்தக் குதிரையும் ஆடை கேட்டதில்லை.)

இரண்டாவது: ‘இந்தப் போட்டியில் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. தடையின் கட்டை விழுந்ததா, தாண்டாமல் குதிரை நின்றதா, எவ்வளவு நேரம், அவ்வளவுதான். ஆகவே சேணம் முதலில்...’

(இது உண்மை. அதனாலேயே அத்தான் வெட்டிவிடுவார். கடிவாளத்தின் நெற்றிப்பட்டையில் கண்ணாடிக் கல் பதித்து வாங்கியவர் அவர்.)

2

கட்டுரை வரவில்லை, ஆட்கள்தான் வருகிறார்கள். சரி, வரட்டும்.

அக்கா பல் டாக்டர். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு குதிரையேறக் கற்று, ஒரு குதிரையும் வாங்கினாள். அதை நாங்கள் மேனேஜர் என்கிறோம். தானாக ஒரு வேலையும் செய்யாது, எல்லோரையும் முறைக்கும். அக்கா ஏறினால் மட்டும் எதையும் தாண்டும்.

அத்தான், “இந்த வயசுல இது தேவையா?” என்று நாலு வருடம் லாயத்தை எட்டிப் பார்க்காதவர். திடீரென்று ஒருநாள் மனம் மாறி, அக்காவுக்குப் புதுச் சேணம் வாங்கக் கிளம்பினார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா? குதிரை முதுகில் வைத்துப் பாருங்கள் என்று கடைக்காரர் மூன்று சேணங்களைக் கொடுத்தனுப்பினார். அத்தான் அவற்றை ஒவ்வொன்றாக வரவேற்பறை சோபாவின் கைமேல் வைத்து, ஏறி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவதில் முகம் மலர்ந்தது. “இதுதான் மாப்ள! ஆடவே இல்ல பாரு!”*

*கற்பனை இல்லை. போட்டோ எடுத்ததே நான்தான்.

3

சோபாவின் கை நல்ல அகலம். மேனேஜரின் தோள்மேடோ, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் எலும்பு, உயரமும் ஒடுக்கமும். அகலமான சேணம் அதன்மேல் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. தாண்டுவதற்காக அக்கா முன்னால் குனிந்தால் எலும்பில் அழுத்துகிறது.

“அடியில இன்னொரு மெத்தை போடு” என்றார் அத்தான். போட்டாள். இப்போது அழுத்தமும் போகவில்லை, ஆட்டமும் சேர்ந்துகொண்டது.

இரண்டு போட்டிகளில் மேனேஜர் உயரமான தடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் முறை அக்கா மட்டும் தாண்டினாள். இன்னும் அவள் தோளில் நீலம் போகவில்லை.

அத்தான் தீர்ப்புச் சொன்னார்: “சேணம் புதுசு, குதிரைதான் பழசு. ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் நின்னா வித்துடலாம். சேணத்துக்கு ஏத்த மாதிரி வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

4

(இங்கே நகைச்சுவையைத் தொடரத்தான் நினைத்தேன். முடியவில்லை.)

லாயத்தில் அக்கா மேனேஜரின் தோள்மேட்டில் மெல்ல விரல் வைத்தாள். தோல் துடித்து விலகியது.

“கூச்சமுள்ள பல்லத் தொட்டா பேஷண்ட் இப்படித்தான் ஒதுங்குவாங்க. எனக்குத் தெரியாதா?”

“அப்ப பழைய சேணத்தைப் போடு. அத்தான்கிட்ட சொல்லிடு.”

“நாலு வருஷமா வராத மனுஷன்டா. இப்பத்தான் வேலியில சாஞ்சு நின்னு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் ‘நான் வாங்கின சேணம், நான் வாங்கின சேணம்’னு பெருமை அடிச்சுக்கிறாரு. அது வேணாம்னு சொன்னா மறுபடி வருவாரா?”

“இதுக்கு வலிக்குதேக்கா. வித்தும் போட்டுருவாரே.”

அக்கா அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு, “நீயும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு” என்றாள்.

செய்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் செய்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

5

முடிவுகள்.

அ. மேனேஜர் எல்லாத் தடைகளையும் தாண்டுகிறது. கைதட்டல், கோப்பை. (ஆண்டு மலருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் வலிக்கிற எலும்பு கோப்பைக்காக வலிக்காமல் இருக்காது.)

ஆ. மேனேஜர் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை ஒரு லாரி வருகிறது. அக்கா லாரியின் கதவை... (என்னால் எழுத முடியாது.)

இ. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் லாயத்துக்குள் வந்து...

(இதை முடிப்பது என் கையில் இல்லை. மலருக்கு வரும் எதையும் முதலில் படிப்பவர் ஆசிரியர், சிவப்புப் பேனாவோடு.)

ஆகவே, அத்தான், வணக்கம். மேலே வாசகர் என்றது உங்களைத்தான். கண்ணாடிக் கல்லை வெட்டிக்கொள்ளுங்கள். சோபாவையும் வெட்டிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் மொத்தத்தையும் கிழித்துப் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பழைய சேணம் தீவன அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அக்கா இன்னும் அதற்கு எண்ணெய் போட்டு வைக்கிறாள். அவளாகக் கேட்கமாட்டாள். நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்போதும்போல வேலியில் வந்து சாய்ந்து நில்லுங்கள். நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்றுதான் அவளுக்குப் பயம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ‘இ’க்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.